அறுநூறு அடித் தடம்

தார்ச்சாலையிலிருந்து எங்கள் கோழிப்பண்ணை கேட் வரைக்கும் அறுநூறு அடி. ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே, கிழக்கே கொல்லிமலை நீலமாகத் தெரியும் காட்டுப் பகுதி. பத்திரத்தில் 'மாமூல் வண்டித்தட பாத்தியம்' என்று ஒரு வரி உண்டு. எங்களுக்கு ரோடு என்று இருந்தது அந்த வரிதான். ஒருபக்கம் பெரியப்பா வீட்டுக் காடு, மறுபக்கம் பங்காளி ஒருவரின் குச்சிக்கிழங்குக் காடு, இரண்டுக்கும் நடுவே கிளுவை வேலி போட்ட பதினாறு அடி இட்டேரி. கட்டை வண்டி போன காலத்தில் அது யாருக்கும் குறையாகத் தெரிந்ததில்லை. தொண்ணூறுகளில் அப்பா கேஜ் கொட்டகை கட்டி முட்டைக்கோழி விட்ட பிறகு மக்காச்சோள லோடும் சோயாப் புண்ணாக்கு லோடும் வர ஆரம்பித்தன. அப்போதுதான் தடத்தின் லட்சணம் தெரிந்தது.

முட்டைக் கணக்கு நோட்டு என் பொறுப்பு. ஒரு தட்டுக்கு முப்பது முட்டை. முட்டை ஏற்ற வரும் பெரிய லாரியைத் தடத்துக்குள் விட டிரைவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். டிராக்டர் டிரெய்லரில் தட்டுகளை அடுக்கித் தார்ச்சாலைக்குக் கொண்டுபோய் அங்கே மாற்றுவோம். கொட்டகையில் ஒரு தடவை எண்ணி, லாரியில் ஏற்றும்போது மறுபடி எண்ணுவோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 'தடத்து உடைசல்' என்று தனிப் பத்தி போட்டு எழுதி வந்தேன். கோடையில் அந்தப் பத்தி வீங்கிக்கொண்டே போகும். வெயில் ஏற ஏறக் கோழி இரைத்து மூச்சு வாங்கும், தீவனம் குறையும், முட்டை ஓடு மெலிந்துவிடும். சுண்ணாம்புக்கல் குருணையைத் தீவனத்தில் எவ்வளவு கூட்டினாலும் சித்திரை முட்டை மார்கழி முட்டை ஆகாது. அப்படிப்பட்ட ஓட்டோடு அறுநூறு அடி பள்ளத்தில் விழுந்து எழுந்து போனால் என்ன மிஞ்சும்? கொட்டகையில் வேலை செய்யும் பெண்கள் ஒவ்வொரு முட்டையாகக் கையில் எடுத்து வைத்த உழைப்பு, கேட்டைத் தாண்டியதும் மஞ்சளாக வழிவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. தடத்தை ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று வீட்டில் முதலில் பேசியது நான்தான்.

அது 2003. மழை பொய்த்து வறட்சி உச்சத்தில் இருந்த நேரம். ஆழ்குழாய்க் கிணறு வற்றி, திருச்செங்கோட்டு ரிக் வண்டியைக் கூப்பிட்டு இன்னும் ஆழம் போட்டிருந்தோம். கையிலிருந்த பணம் பூமிக்குள் போயிருந்தது.

முதலில் காங்கிரீட் யோசனை வந்தது. பார்த்தவர்கள் எல்லாம் அதைத்தான் சொன்னார்கள்: ஒரு தடவை போட்டால் முப்பது வருடத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம். கணக்குப் போட்டேன். அறுநூறு அடி நீளம், பன்னிரண்டு அடி அகலம், அரையடி கனம்: 3,600 கன அடி, அதாவது முப்பத்தாறு யூனிட் காங்கிரீட். லாரி தாங்குகிற கலவைக்கு ஏறக்குறைய எண்ணூறு மூட்டை சிமெண்ட். ஜல்லி, மணல், கூலி தனி. கூட்டுறவு வங்கியிலோ வெளியிலோ கடன் வாங்காமல் நடக்காது. அதையும் தாண்டி எனக்கு உறுத்தியது தண்ணீர். காங்கிரீட்டைக் குறைந்தது பத்துப் பதினைந்து நாள் நனைத்து வைக்க வேண்டும். முட்டைக்கோழி ஒன்று நாளுக்குக் கால் லிட்டர் குடிக்கும், கோடையில் அதற்கும் மேலே. பண்ணைக் கோழிக்கே டேங்கர் வாங்கிக்கொண்டிருந்த நாங்கள், குடிக்கிற தண்ணீரை 7,200 சதுர அடி ரோட்டின் மேல் ஊற்றுவதா? அப்பா அந்தக் கணக்கைக் கேட்டதும் காங்கிரீட் பேச்சை விட்டுவிட்டார்.

அடுத்து தார். சாலை வேலை எடுத்துச் செய்யும் ஒருவர் வந்து பார்த்தார். பக்கத்தில் ஒரு வேலை நடக்கிறது, அதில் மிச்சமாகும் கலவையைக் கொண்டுவந்து ஒரு இன்ச் கனத்துக்குப் போட்டுத் தருகிறேன், ஒரே நாளில் முடிந்துவிடும், பாதிப் பணம் முன்கூட்டியே கொடுங்கள் என்றார். தொகை கேட்க ஆசையாகத்தான் இருந்தது. அடியில் என்ன போடுவீர்கள் என்று கேட்டேன். 'இருக்கிற மண்ணையே மட்டம் பண்ணிக்கலாம்' என்றார். அப்பா முன்பணத்தை எடுக்க உள்ளே போகாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்ததற்கு அந்தப் பதில்தான் காரணம். தார் என்பது மேலே போர்த்துகிற தோல். எடையைத் தாங்குவது அடியில் இருக்கும் கல். கல்லே இல்லாமல் களிமண் மேல் ஒரு இன்ச் தோலைப் போர்த்தினால், பத்து டன் மக்காச்சோளம் ஏறுகிற அன்றைக்கே அது கிழியும். கிழிந்ததை நாமே தைக்கவும் முடியாது. தாரைக் காய்ச்சத் தனி ஆள், தனி அடுப்பு வேண்டும்.

இதற்கு நடுவில்தான் ரோட்டுக்காரர் எங்கள் பண்ணைக்கு வந்து சேர்ந்தார்.

ரோடு போட அல்ல, எரு அள்ளும் வேலைக்கு வந்தார். 1997-இல் நெடுஞ்சாலைத் துறை சாலைப் பணியாளர்களாக எடுத்த ஏறத்தாழ பத்தாயிரம் பேரில் அவரும் ஒருவர். ஐந்து வருடம் பள்ளம் அடைத்தும், ஓரம் செதுக்கியும், பாலத்தடியில் அடைப்பு எடுத்தும் வந்தவர்களை 2002 செப்டம்பரில் அரசு மொத்தமாக வேலையை விட்டு நீக்கியது. சிலர் லாரியில் கிளீனராகப் போனார்கள், சிலர் ஓட்டலில் மாவாட்டினார்கள், சிலர் பண்ணைகளுக்கு வந்தார்கள். இவருக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். வேலை போனதைப் பற்றி அதிகம் பேச மாட்டார். போராட்டம் என்றால் மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காலை பஸ்ஸில் போய்விடுவார்.

ஒரு சாயங்காலம் நானும் அப்பாவும் தடத்தில் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தபோது, எருச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, மேல என்ன போடறதுன்னு அளக்கறீங்களா? இது ரோடே இல்லீங்க. வாய்க்கா. மொதல்ல இதை ரோடாக்கணும்."

அவர் சொன்ன பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. எத்தனையோ தலைமுறை வண்டிச் சக்கரம் அரைத்து அரைத்து, இட்டேரி இரண்டு பக்கக் காட்டையும் விட ஒரு முழம் தாழ்ந்து கிடந்தது. மழை பெய்தால் இரண்டு காட்டுத் தண்ணீரும் உள்ளே இறங்கி, தடத்தின் வழியாகவே ஓடைக்குப் போகும். வாய்க்காலின் நடுவில் எதைக் கொட்டினாலும் அது அடித்துக்கொண்டுதான் போகும், காங்கிரீட் என்றால் அடியில் அரித்துவிட்டுப் போகும். எங்கள் பக்கம் மழை கம்மி. வருடத்துக்கு எழுநூறு மில்லிமீட்டரைச் சுற்றித்தான். ஆனால் அது வருவது பாதிக்கு மேல் ஒரு சில இரவுகளில், இடியோடு, மொத்தமாக. தடத்தைக் கெடுப்பது அந்தச் சில இரவுகள்.

அவர் சொன்ன வேலை, காசு செலவாகாத திசையிலிருந்து தொடங்கியது. ஜேசிபி வைத்து இரண்டு ஓரமும் இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்கு வாய்க்கால் எடுக்க வேண்டும். எடுக்கிற மண்ணை நடுவில் போட்டு மேடாக்க வேண்டும். இருபத்தைந்து யூனிட்டுக்குக் குறையாத மண், லாரி வாடகை இல்லாமல், நடைச்சீட்டு இல்லாமல், நம் காலடியிலேயே கிடைக்கும். பதினாறு அடியில் வாய்க்கால் போக மீதி பன்னிரண்டு அடி ரோடு. கிளுவை வேலியை ஒரு கிளை கூட வெட்ட வேண்டாம், அதன் வேர் கரையைப் பிடித்துக்கொள்ளும்.

அதற்குப் பிறகு மேலே என்ன போடுவது என்று பேச்சு வந்தபோது, தடத்தை மூன்றாகப் பிரித்துவிட்டார். நாங்கள் அறுநூறு அடியையும் ஒரே ரோடாக நினைத்துத்தான் விலை கேட்டுக்கொண்டிருந்தோம். அவர் கண்ணுக்கு அது மூன்று நிலம். தார்ச்சாலையில் ஏறுகிற நாற்பது அடி செங்குத்து ஒன்று. நடுவில் நானூற்றைம்பது அடி செவ்வல் மண் ஒன்று. பண்ணை கேட்டுக்கு முன்னால், ஓடை பக்கமாகத் தாழ்ந்த நூற்றுப்பத்து அடி கருமண் ஒன்று. லாரி புதைவது எப்போதும் அந்தக் கருமண்ணில்தான். மூன்றுக்கும் மூன்று மருந்து.

செவ்வல் பாகத்துக்குக் கிராவல் போதும் என்றார். ஆனால் எந்தக் கிராவல்? சேலம், நாமக்கல் பக்கம் கிராவல் என்று சொல்லி லாரியில் என்ன வேண்டுமானாலும் வரும். ஏரி மண்ணும் வரும், வெறும் செம்மண்ணும் வரும், கரட்டடியில் பாறை உளுத்து உதிர்ந்த நல்ல சரளையும் வரும். மூன்று இடத்திலிருந்து மூன்று மஞ்சப்பையில் மண் கொண்டுவரச் சொன்னார். அம்மாவிடம் மூன்று ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கி, ஒவ்வொன்றிலும் பாதிக்கு மண், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கித் திண்ணையில் வரிசையாக வைத்தார். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் பாட்டிலுக்குள் மண் தானாகப் பிரிந்திருந்தது. அடியில் கல்லும் மணலும், அதற்கு மேல் வண்டல், எல்லாவற்றுக்கும் மேல் வழவழவென்று களி. ஏரி மண் பாட்டிலில் பாதி களி. செம்மண் பாட்டிலில் நடு அடுக்கு மட்டுமே பெரிதாக இருந்தது. அது வெயிலில் பொடியாகிப் பறக்கிற மண். கரட்டடி மண்ணில் கல்லும் மணலும் முக்கால் பாட்டிலுக்கு நின்று, மேலே விரல் கனத்துக்குக் களி படிந்திருந்தது.

"பத்துக்கு ஒரு பங்கு களி இருக்கணும் அம்மிணி. மிஞ்சினா ஒன்றரை. களியே இல்லீன்னா கல்லைப் புடிச்சு நிறுத்த ஆளில்லை, கோடையில அலை அலையா எழுந்திரும். களி அதிகமானா மழையில வழுக்கும்."

அந்த அலைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மண்ரோட்டில் குறுக்கே வரிவரியாக எழுந்து, வண்டியை உலுக்கி எடுக்கும். முட்டைக்குப் பள்ளத்தை விட மோசமான எதிரி அது. பள்ளத்துக்கு டிரைவர் வேகத்தைக் குறைப்பார். அலைக்கு யாரும் குறைப்பதில்லை, குறைக்காததால் அது இன்னும் வளரும்.

கருமண் பாகத்தை இரண்டடி தோண்டிப் போட்டுவிடலாமா என்று அப்பா கேட்டார். வேண்டாமுங்க என்றார். களிமண் மேல் நேராகக் கல்லைப் போட்டால், மழையில் களி கல்லுக்கு இடையே மேலே ஏறிவரும், கல் கீழே இறங்கிப்போகும். இரண்டு வருடத்தில் போட்ட கல் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். அதனால் முதலில் மூன்று அங்குலம் கிரஷர் டஸ்ட். அதன் மேல் ஒன்பது அங்குலம் சோலிங் கல், கையால் அடுக்கி, இடுக்கில் சின்னக் கல் திணித்து. அதன் மேல் மூன்று அங்குலம் ஒன்றரை இன்ச் ஜல்லி. கடைசியில் ஜல்லியின் இடுக்கெல்லாம் அடையும்படி கிராவல் தூவி, தண்ணீர் தெளித்து ரோலர் விட வேண்டும். துறையில் இதை டபிள்யூ.பி.எம். என்பார்கள் என்றார்.

அதிலுள்ள கடைசி எழுத்து ஒரு மனிதரின் பெயர் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். ஜான் மெக்காடம், ஸ்காட்லாந்துக்காரர், 1756-இல் பிறந்தவர். 1816-இல் பிரிஸ்டல் பகுதிச் சாலைகளின் பொறுப்பு அவருக்கு வந்தது. அதற்கு முன்பு பெரிய பெரிய பாறைகளைப் புதைத்தால்தான் ரோடு நிற்கும் என்று ஐரோப்பாவில் நம்பினார்கள். மெக்காடம் அதை மாற்றினார். வண்டியின் எடையைத் தாங்குவது அடியில் இருக்கும் பூமிதான். பூமி ஈரமாகாமல் காய்ந்திருக்கும் வரை எந்த எடையையும் அது தாங்கும். மேலே போடும் கல், மழையை உள்ளே விடாத கூரை மட்டுமே. ஆகவே ரோட்டைச் சுற்றியுள்ள நிலத்தை விட உயர்த்து, இரண்டு ஓரமும் தண்ணீர் வடியவிடு, கையளவு கல்லாக உடைத்துப் பரப்பு. ஆறு அவுன்ஸுக்கு மேல் எடையுள்ள கல்லை அவர் ஏற்க மாட்டார். நம் கணக்கில் நூற்றெழுபது கிராம். அவர் தார் பயன்படுத்தவே இல்லை. தாரையும் கல்லையும் கலக்கும் முறைக்கு ஹூலி என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கியது 1902-இல். எங்கள் ரோட்டுக்காரர் மெக்காடம் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் திண்ணையில் உட்கார்ந்து அவர் சொன்னதும் மெக்காடம் எழுதி வைத்ததும் ஒன்றாகவே இருந்தன. தண்ணீரைப் பார்த்துப் பார்த்து இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள்.

செங்குத்தான நாற்பது அடியில் மட்டும் காங்கிரீட். அங்கே லோடு லாரி முதல் கியரில் ஏறும்போது பின்சக்கரம் கிராவலைப் பறித்து எறிந்துவிடும். அதற்கும் முழு அகலம் வேண்டாம் என்றார். சக்கரம் ஓடுகிற இடத்தில் இரண்டரை அடி அகலத்துக்கு இரண்டு பட்டை, அரையடி கனம். மொத்தம் ஒரே யூனிட் காங்கிரீட், இருபத்து மூன்று மூட்டை சிமெண்ட். எண்ணூறு மூட்டையில் ஆரம்பித்த பேச்சு இங்கே வந்து நின்றது. பட்டையின் மேல் குறுக்கே கோடு கீறி விட்டார்கள், டயர் வழுக்காமல் இருக்க. தீவனச் சாக்குகளை நனைத்து மேலே போர்த்தியதால் ஆற்றுவதற்குக் குடம் கணக்கில்தான் தண்ணீர் ஆனது.

பணத்தை யார் யார் எவ்வளவு போடுவது என்பது கல்லை விடக் கடினமான விஷயம். தடம் எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. பெரியப்பாவுக்கு ஒரு டிராக்டர். பங்காளிக்கு ஆட்டுப்பட்டியும் ஒரு டிவிஎஸ் ஐம்பதும். எங்களுக்கு லாரி. மூன்று சம பங்கு என்று பெரியப்பா சொன்னார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "என் லோடுதான் தடத்தை ஒடைக்குது, கல்லுக்கு நான் குடுக்கறேன்" என்றார். பெரியப்பா டிராக்டரும் டீசலும் கொடுத்தார். பங்காளியும் அவர் மனைவியும் சோலிங் அடுக்க வந்தார்கள். இதை மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு தாளில் எழுதி வைத்தோம், வருங்காலத்தில் பிள்ளைகள் சண்டை போடாமல் இருக்க. இன்றைக்கும் அந்தத் தாள் பத்திரத்தோடு இருக்கிறது. தனியார் தடம் போட நினைக்கிற யாருக்கும் முதல் யூனிட் கல் இறங்குவதற்கு முன்னால் இப்படி ஒரு தாள் வேண்டும் என்பேன்.

வேலையில் நான் பக்கத்தில் நின்று பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் மிச்சம் விழுந்த ஆறடிப் பலகை ஒன்றை அவர் வாங்கி வந்தார். ஒரு முனையில் மூன்று அங்குலக் கட்டையைக் காலாக ஆணியடித்தார். காலில்லாத முனையைத் தடத்தின் நடுக்கோட்டிலும், கால் உள்ள முனையை ஓரத்திலும் வைப்பார். பலகை மேல் ரசமட்டம். குமிழி நடுவில் நின்றால், நடுவிலிருந்து ஓரத்துக்குச் சரியாக மூன்று அங்குலம் சரிவு இருக்கிறது என்று அர்த்தம். ஐந்தடிக்கு ஒரு தடவை, இரண்டு பக்கமும், அறுநூறு அடியும் அப்படியே குனிந்து குனிந்து போனார். குமிழி ஒரு நூல் நகர்ந்திருந்தால் மண்வெட்டியால் சீவுவார் அல்லது ஒரு சட்டி போடுவார். நின்று பார்த்தால் அந்த மூன்று அங்குலம் கண்ணுக்கே தெரியாது. மழைத் தண்ணீருக்குத் தெரியும்.

கிராவல் பரப்பிய பிறகு ரோலரைக் கூப்பிட அவசரப்படவில்லை. காய்ந்த கிராவலை உருட்டினால் அமுங்காது, தண்ணீர் வாங்கி நனைக்க வசதி இல்லை. வைகாசி மழை ஒன்று வரும், காத்திருக்கலாம் என்றார். மேகம் கட்டுவதும் கலைவதுமாக இழுத்தடித்து ஒரு ராத்திரி ஒரு உழவு மழை பெய்தது. விடியுமுன் வந்து கிராவலைக் கையில் பிடித்துப் பார்த்தார். உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், உள்ளங்கை நனையக் கூடாது. ரெண்டும் சரியாக இருந்தது. அன்றைக்குப் பூராவும் வாடகை ரோலர் ஓடியது, ஓரத்தில் ஆரம்பித்து நடுவுக்கு. ரோலர் நுழையாத மூலைகளைத் திமிசுக் கட்டையால் அவரே இடித்தார்.

அடுத்த சில வாரங்கள் தினமும் காலையில் தடத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கல் வைப்பார். டிரைவர்கள் திட்டுவார்கள். ஒரே சுவட்டில் எல்லா வண்டியும் ஓடினால் இரண்டு கோடாகப் பள்ளம் விழும். கல்லை விலக்கி விலக்கி ஓட்டினால் சக்கரம் பன்னிரண்டு அடியையும் மிதிக்கும். காசில்லாத ரோலர் அது. மறுநாள் கற்களை இடம் மாற்றி வைப்பார்.

கிராவல் தடத்துக்குக் குறையே இல்லையென்று சொல்ல மாட்டேன். தூசி உண்டு. கோழிக்குத் தூசி ஆகாது. சளி பிடிக்கும், முட்டை குறையும். கொட்டகையை ஒட்டிய பாகத்தில் மேலே சிப்ஸ் ஜல்லி பரப்பித்தான் அதை அடக்கினோம். வருடா வருடம் மேலே கொஞ்சம் கிராவல் போடவும் வேண்டும். அதற்கும் கரட்டைத்தான் உடைக்கிறார்கள். சேலத்திலிருந்து நாமக்கல் வரை என் சிறுவயதில் ஆடு மேய்ந்த எத்தனையோ கரடுகள் இன்று பாதி அறுந்து நிற்கின்றன. கிரஷர் அருகில் இருக்கும் வீடுகளில் துணி காயப் போட முடியாது. எண்ணூறு மூட்டை சிமெண்டுக்கும் ஒரு மலை எங்கோ குறையத்தான் செய்யும். குறைவாக எடுக்கிற வழியைத் தேடுவது, நம் பணத்துக்காக மட்டும் இல்லை.

2005 ஐப்பசியும் கார்த்திகையும் வந்தன. வறட்சிக்கு ஈடாக வானம் மொத்தமாகக் கொட்டியது. மேட்டூர் நிரம்பிக் காவிரி இரண்டு கரையும் புரண்டு போன வருடம் அது. விடிகாலையில் குடையோடு தடத்துக்கு ஓடினேன். இரண்டு வாய்க்காலிலும் செந்தண்ணீர் சுழித்து ஓடைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் தடம் நனைந்து கிடந்தது, அவ்வளவுதான். ஒரே ஓர் இடத்தில் தண்ணீர் தேங்கியது. பெரியப்பாவின் டிராக்டர் காட்டுக்குள் திரும்புகிற இடத்தில் வாய்க்கால் மண் மூடியிருந்தது. அங்கே ஒரு ஹ்யூம் பைப் புதைத்தோம். கருமண் பாகத்தில் மக்காச்சோள லாரி நின்றது, புதையவில்லை. என் நோட்டில் 'தடத்து உடைசல்' பத்தியில் ஒன்றும் எழுத வேண்டியில்லாத நாட்கள் வர ஆரம்பித்திருந்தன.

அடுத்த பிப்ரவரியில் மகாராஷ்டிரத்து நவாப்பூரில் பறவைக் காய்ச்சல். நாமக்கல்லில் ஒரு கோழிக்கும் நோய் இல்லை. ஆனாலும் முட்டை வாங்க ஆளில்லாமல் விலை விழுந்தது. தீவனக் காசு கூடத் திரும்பாத வாரங்கள் அவை. கடன் வைத்திருந்த பண்ணைகள் கோழியை விற்றுக் கொட்டகையைக் காலி செய்தன. நாங்கள் தப்பித்தோம். எங்கள் கணக்கில் வட்டி என்ற ஒரு வரி இல்லை என்பது பெரிய காரணம். காங்கிரீட் போட்டிருந்தால் இருந்திருக்கும்.

அதே மாதம் ரோட்டுக்காரருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. நாற்பத்தொரு மாதம் கழித்து அரசு சாலைப் பணியாளர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. எருச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அப்பாவிடம் சொல்லிக்கொண்டு போனார். பிறகும் மழைக்கு முன்னால் ஒரு தடவை வந்து வாய்க்காலைப் பார்த்துவிட்டுப் போவார்.

இப்போது எங்கள் பக்கம் தடம் போடுகிறவர்களுக்கு இன்னும் பல வழிகள் உண்டு. சேலம்–கரூர் நால்வழிச் சாலை வேலை நடந்தபோது, பெயர்த்துப் போட்ட பழைய தார்க்கட்டிகளை மாமா மகன் தன் தடத்துக்கு வாங்கிப் போட்டார். சித்திரை வெயிலில் பரப்பி ரோலர் விட்டால் அதிலிருக்கும் பழைய தார் இளகி ஒன்றையொன்று பிடித்துக்கொள்கிறது. கிராவலை விடத் தூசி குறைவு. கிடைத்தால் நல்ல சரக்கு. பேவர் பிளாக் வீட்டு வாசலுக்கு அழகுதான். லோடு லாரிக்கு என்றால் எண்பது மில்லிமீட்டருக்குக் குறையாத கனமும், ஓரத்தில் பிடித்து நிறுத்தக் காங்கிரீட் கரையும், அடியில் நன்றாக அமுக்கிய ஜல்லியும் வேண்டும். வாசலுக்குப் போடுகிற அறுபது மில்லிமீட்டர் பிளாக்கை மணல் மேல் வைத்து லாரி விட்டால் சீக்கிரமே குழி விழுகிறது. எதைப் போட்டாலும் வாய்க்காலும் மூன்று அங்குலச் சரிவும் இல்லாமல் எதுவும் நிற்காது. தம்பி மகன் தடத்துக்குக் காங்கிரீட் போட வேண்டும் என்று இப்போது கேட்கிறான். போடட்டும், அடித்தளம் தயாராக இருக்கிறது.

ரோட்டுக்காரர் ஓய்வு பெற்றுவிட்டார். வேலை இல்லாமல் இருந்த நாற்பத்தொரு மாதத்தையும் பணிக்காலத்தில் சேர்க்க வேண்டும் என்று சாலைப் பணியாளர்கள் வருடக்கணக்கில் கேட்டு வந்தார்கள். அதற்கான மனு ஒன்றை எழுத அவர் என்னிடம் வந்தார். அந்த மாதங்களிலும் அவர் ரோடு போட்டுக்கொண்டுதான் இருந்தார், இந்தத் தடத்தைப் போட்டது அப்போதுதான் என்று எழுதட்டுமா என்று கேட்டேன். ஆபீசில் அதெல்லாம் நிற்காது, தேதியை மட்டும் எழுதுங்க அம்மிணி என்றார். 2002 செப்டம்பர் முதல் 2006 பிப்ரவரி வரை என்று எழுதிக் கொடுத்தேன். மனுவில் எழுதாததை இங்கே எழுதிவிட்டேன்.